நீ திட்டாத சாயங்காலம்

நகரியில் தாய்வீட்டில் இருக்கும் என் கோபக்காரிக்கு,

திருத்தணி ஆந்திராவை விட்டு மதராஸ் ராஜ்யத்தோடு சேரப்போகிறதாம். திருப்பதியில் நம் கடைக்கு வருகிறவர்கள் எல்லாரும் அதை என் காதருகே கத்திவிட்டுப் போகிறார்கள். எரிச்சலாக வருகிறது. நீ மட்டும்தான் கத்துவதை நிறுத்திவிட்டாய்.

காது மந்தம் என்று தெரிந்துதானே என்னைக் கட்டிக்கொண்டாய்? கண்ணும் மெல்ல மெல்லப் போய்விடும், இது வம்சத்தில் வருவது என்று வேலூர் டாக்டர் சொன்ன பிறகு நீ வேறு ஆளாகிவிட்டாய். அன்று பொழுதுசாயக் குழம்புச் சட்டி கண்ணுக்குத் தெரியாமல் காலால் இடறிக் கவிழ்த்தேன். முன்பென்றால் நீ போடும் சத்தத்தில் தெருவே கூடியிருக்கும். அன்று வாய் திறக்காமல் துடைத்தாய். மறுநாள் நகரியிலிருந்து வந்த உன் அம்மா உன்னிடம், “பாவம்டி, அவருகிட்ட வாயாடிக்கினு இருக்காதே” என்றதை உதட்டைப் பார்த்தே தெரிந்துகொண்டேன்.

சீமந்தத்துக்கு நாள் இருக்கும்போதே ஏன் கிளம்பினாய்? வயிற்றில் இருப்பதைப் பற்றி நீயும் பேசவில்லை. நானும் இதில் எழுதப்போவதில்லை.

காலை வண்டிக்கு வா. வெளிச்சத்தில், என் முகத்துக்கு நேரே நின்று, உதடு தெரிய நிதானமாகத் திட்டு. கண் இருக்கும்வரை பார்த்துக்கொள்கிறேன். அப்புறம் கிள்ளியே திட்டலாம்.

இன்னும் ‘பாவம்’ ஆகிவிடாத,
உன் வீட்டுக்காரன்