என் தோள்மேல் இருக்கும் கை

அன்பு மச்சினன் தாசனுக்கு, உன் அத்தான் எழுதிக்கொள்வது.

எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன் கடிதம் எழுத உட்கார்ந்திருக்கிறேன். நீ இருந்தால் பிழை திருத்தியே பாதி நாளைப் போக்கியிருப்பாய். இதை உன் கல்லறைப் பக்கம் நின்று சொல்லிவிட்டு வந்திருக்கலாம். ஆனால் நான் சொன்ன பொய்யைக் கேட்டு ஊரே சிரித்தது. அதனால் சபைப் பத்திரிகையில் ஒரு பக்கம் கேட்டு வாங்கினேன். சிரித்தவர்கள் எல்லாரும் இதையும் படிக்கட்டும்.

முதலில் ஊர்ச் சேதி. நீ போன இரண்டாம் வருஷமே எல்லை பிரித்தாயிற்று. விளவங்கோடு தமிழ்ப் பக்கம் போய்விட்டது, நம் பாறசாலை கேரளப் பக்கமே நின்றுவிட்டது. பனச்சமூட்டில் டீக்கடை ஒரு மாநிலம், அதன் பெஞ்சு இன்னொரு மாநிலம் என்று கேலி பேசுகிறார்கள். நம் ஊர்களைத் தமிழ்நாட்டோடு சேர்க்கச் சொல்லிக் கொடி பிடித்து ஓடினாயே, அது பாதி நடந்தது. நாம் நடக்காத பாதி. நான் அதே தாலுகா கச்சேரியில் அதே பியூன்.

நம் முன்னறைச் சுவர் உனக்கு நினைவிருக்கும். உன் அக்காள் பார்த்துப் பார்த்து அடுக்கிய சுவர். உங்கள் அம்மை பின்னிய லேஸ் துணி கண்ணாடிக்குள் இருக்கும். அதன் பக்கத்தில் அவள் ஞாயிறு பள்ளியில் பரிசு வாங்கிய தமிழ் வேத வசன அட்டை. நடுவில் எங்கள் கல்யாணப் படம். "இந்தச் சுவரப் பாத்தாப் போதும், நாம யாருண்ணு வாறவனுக்குத் தெரியும்" என்பாள்.

தெரிந்ததுதான் வம்பாகிவிட்டது. போராட்டம் சூடான அந்த நாட்களில் போலீஸ்காரர்களும் முதலில் சுவரைத்தான் வாசித்தார்கள். உன்னைத் தேடிப் பக்கத்து உதியன்குளங்கரை வரை வந்துவிட்டார்கள் என்று கேட்டதும் சுவரை மாற்றத் தொடங்கினேன். சர்க்கார் வேலை அல்லவா! வசன அட்டை பெட்டிக்குள் போனது. தமிழ்க் காலண்டர் அடுக்களைக்குப் போனது, மலையாளக் காலண்டர் முன்னறைக்கு வந்தது. நம் வீட்டில் வீரம் அடுக்களையில் மட்டும்தான்.

கடைசியாகப் படம். நான் நாற்காலியில், ஒரு பக்கம் அக்காள், மறு ஓரத்தில் நீ, கையை நீட்டி என் தோளில் வைத்தபடி. சட்டம் போடுகிறவரிடம் கொண்டுபோய், "இந்த ஓரத்த மட்டும் மறைச்சுத் தாரும்" என்றேன். அவர் இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தார்.

"ஆள மடக்கிப் பின்னால விடலாம். கையையும் மறைக்கணும்ணா ஒம்ம தோளும் சேந்து போவும். பரவாயில்லியா?"

"எனக்க தோளு இருக்கட்டும்" என்றேன்.

மறுநாளே போலீஸ் ஏட்டு வந்தார். நேராகப் படத்துக்கு முன்னால் போய் நின்றார்.

"இது ஆருடெ கையாடோ?"

"போட்டோக்காரனுக்க கை, ஏமானே. கல்யாணத்தண்ணு எனக்கு ஒரே நடுக்கம். ஆடாம இருக்க அவரு பிடிச்சாரு."

"பின்னே படம் எடுத்தது ஆரு?"

"அவருக்க தம்பி."

படத்திலுள்ள என் முகத்தையும் எதிரில் நின்ற என் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். இரண்டிலும் ஒரே பயம். நம்பிவிட்டார்.

அதற்கு அப்புறம்தான் உன்னைப் பிடித்தார்கள். சில நாள் லாக்கப்பில் வைத்திருந்து வெளியே விட்டார்கள். நீ நேராக எங்கள் வீட்டுக்குத்தான் வந்தாய். உடம்பில் காய்ச்சல், கக்கத்தில் துணிமூட்டை. என் மகள் கிரேசி அப்போது தொட்டில் பிள்ளை. உனக்குப் பாய் எடுக்க அக்காள் உள்ளே ஓடினாள். நீ சுவரைப் பார்த்தாய்.

"கையையாவது விட்டு வச்சியளே அத்தான். பெரிய மனசாக்கும்."

சொல்லிவிட்டுச் சிரித்தாய். நானும் கூடச் சிரித்தேனே, தாசா!

அக்காள் பாயோடு வருவதற்குள் எழுந்துவிட்டாய். "நிக்கேல்லக்கா. பிள்ளையப் பாக்க வந்தேன், பாத்தாச்சு. பொழியூர்ல சித்தி வீட்டுக்குப் போறேன்." பிள்ளை பார்க்க வருகிறவன் துணிமூட்டையோடா வருவான்? மூட்டையை நானும் பார்த்தேன். "இரு தாசா" என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. தெருவில் யாராவது கவனிக்கிறார்களா என்றுதான் கண் போனது.

எட்டாம் நாள் பொழியூரிலிருந்து ஆள் வந்தது. காய்ச்சல் முற்றிப் போய்விட்டாய் என்றார்கள். அந்தப் பாயில் படுத்திருந்தால்? இதை நான் யாரிடம் கேட்பேன்?

நீ போன பிறகும் அந்தப் பொய் எங்கள் வீட்டில் நன்றாக வளர்ந்தது. கிரேசிக்குப் பேச்சு வந்ததும், வருகிறவர்களுக்கெல்லாம் போட்டோக்காரன் கை கதையை அவளே நடித்துக் காட்டத் தொடங்கினாள். என் மேலதிகாரி கிறிஸ்துமஸ் கேக் தின்ன வந்தால், கேக்குக்கு முன்னால் அந்தக் கதையைத்தான் கேட்பார். அக்காள் ஒரு நாளும் சிரித்ததில்லை. கதை தொடங்கியதும் எழுந்து அடுக்களைக்குப் போய்விடுவாள்.

போன வாரம் பண்டிகைக்குச் சுண்ணாம்பு அடிக்கச் சுவரைக் காலி செய்தோம். படத்தை இறக்கும்போது கை தவறிவிட்டது. கண்ணாடி உடைந்து, பின் அட்டை கழன்று, மடிப்பு விரிந்தது. எட்டு வயதுக்காரி குனிந்து பார்த்தாள்.

"அப்பா, போட்டோக்காரனுக்கு எப்பிடி அம்மைக்க மூக்கு?"

அடுக்களையில் பாத்திரச் சத்தம் நின்றது.

"அது போட்டோக்காரன் இல்ல மக்கா. ஒனக்க மாமா."

"மாமாவா? பின்ன என்னத்துக்கு மடக்கி வச்சிய?"

"அப்பாக்குப் பயம்."

கொஞ்சம் யோசித்தாள். "இப்பமும் உண்டா?"

"உண்டு" என்றேன்.

அக்காள் வந்து, கண்ணாடித் துண்டுகளை விட்டுவிட்டுப் படத்தை மட்டும் எடுத்தாள். உன் முகத்தை முந்தானையால் துடைத்தாள். என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

மடித்த இடத்தில், சரியாக உன் மணிக்கட்டில், வெள்ளையாக ஒரு வெடிப்பு. சட்டக்காரர் அதை மறைத்துத் தருகிறேன் என்றார். மறைத்தது போதும் என்றேன். அகலச் சட்டம் போட்டு நடுச்சுவரில் மாட்டியாயிற்று. வசன அட்டையும் வெளியே வந்துவிட்டது. இரண்டு காலண்டர்களையும் அக்காள் பக்கத்தில் பக்கத்தில் தொங்கவிட்டிருக்கிறாள்.

ஒன்று சொல்லட்டுமா? ஏட்டிடம் நான் சொன்னதில் பாதி நிஜம். அன்று நான் நடுங்கத்தான் செய்தேன். "என்னத்துக்கு அத்தான் இப்பிடி நடுங்குதிய? எனக்க அக்கா கடிக்கமாட்டா" என்று காதில் சொல்லி, தோளைப் பிடித்துக்கொண்டவன் நீ. அந்தக் கையைத்தான் ஊர் பேர் தெரியாத ஒருவனுக்குத் தூக்கிக் கொடுத்தேன்.

இந்தக் கிறிஸ்துமசுக்கும் மேலதிகாரி வருவார். கதை கேட்பார். இந்தத் தடவை நான்தான் சொல்வேன். என் மச்சினன் கை, தமிழுக்காக லாக்கப்புக்குப் போனவன் கை, காய்ச்சலோடு வந்தவனை நான் வீட்டில் நிறுத்தவில்லை என்று சொல்வேன். இது உனக்கு நான் தரும் வாக்கு. சொல்லும்போது நடுங்குவேன், அது உனக்குத் தெரிந்ததுதான். நீ தோளைப் பிடித்துக்கொள்.

இப்படிக்கு,
உன் அக்காள் புருஷன், கிரேசியின் அப்பன்,
உன்னை "இரு" என்று சொல்லாத அத்தான்.