தலையைத் தூக்காமல் ஒரு கர்னல்

மார்ச் 3, செவ்வாய்

மகளை ஆஸ்பத்திரியிலிருந்து கூட்டி வந்தாயிற்று. வலது கண்ணில் விழித்திரை கழன்றுவிட்டதாம்; உள்ளே காற்றை அடைத்து ஒட்ட வைத்திருக்கிறார்கள். இரண்டு வாரம் குப்புறவே படுக்க வேண்டும். "தலையத் தூக்கிடாதீங்க, காத்து எடம் மாறிடும்" என்றார் டாக்டர். முகம் புதைக்க நடுவில் ஓட்டை வைத்து ஒரு மெத்தை தைத்தேன். கார் சீட் தைத்தே தேய்ந்த கை, இதற்காவது உதவட்டும்.

மார்ச் 4

சும்மா படுத்திருப்பாளா அவள்! ஆபீஸ் வேலை: தண்ணீர் மீட்டருக்குள் வைக்கும் சின்ன போர்டு ஒன்றுக்குக் கர்னல் செய்து தர வேண்டுமாம். கர்னல் என்றால்? "அந்த போர்டு கண்ண முழிச்சதும் மொதல்ல ஓடுற ப்ரோகிராம்பா." போர்டுக்குத் தானே செய்துகொள்ளத் தெம்பில்லை, நம் கம்ப்யூட்டரில் செய்து அதில் ஏற்ற வேண்டும். இது எனக்குப் புரியும். கார் கடைக்கு வராது, அளவு மட்டும் வரும், கவர் தைத்து அனுப்புவோம்.

ஆனால் பிழை வரும்போதெல்லாம் தலையைத் தூக்கித் திரையைப் பார்க்கிறாள். அதனால் ஏற்பாடு இப்படி: அவள் தரையைப் பார்த்துச் சொல்வாள், நான் தட்டுவேன்.

மார்ச் 6

கர்னல் செய்வது பாதியில் நின்றுவிட்டது. கடைசி வரியைப் படித்துக் காட்டினேன்.

"அது ஒப்பாரிப்பா. மொதல்ல செத்தது யாருன்னு மேல போய்ப் பாருங்க."

போனேன். நடுவில் ஏதோ ஒரு கோப்பு இல்லையாம். எழுத்து எழுத்தாக உரக்கப் படித்தேன். சமையலறையிலிருந்து மனைவி: "பத்தாங்கிளாஸ்ல இப்படி சத்தமா இங்கிலீஷ் படிச்சிருந்தா பாஸாயிருப்பீங்க." மகள் மெத்தை ஓட்டைக்குள்ளேயே சிரித்தாள்.

மார்ச் 7

இன்றும் கம்ப்யூட்டரோடு தகராறுதான். அவள் தலையைத் தூக்கவில்லை. போதும்.

மார்ச் 9, திங்கள்

என்ன சொல்ல.

நேற்றுப் படுக்கப் போகும்போது வழக்கம்போல எல்லா சுவிட்சையும் அணைத்தேன், கம்ப்யூட்டரையும் சேர்த்து. காலையில் மகள் தூங்கிக்கொண்டிருந்தாள். எழுப்ப மனமில்லாமல் நானே திறந்து, வேலையைத் தொடங்க எனக்குத் தெரிந்த ஒரே வார்த்தையைத் தட்டினேன். கேள்வி மேல் கேள்வி கேட்டது. பெரிய இடத்தில் உட்கார வைத்த மாப்பிள்ளை மாதிரி எல்லாவற்றுக்கும் மரியாதையாக என்டர், என்டர். மதியம் முடிந்தது — ஒரு பிழைகூட இல்லை!

"முடிஞ்சிருச்சு பாப்பா!" என்று கத்தினேன்.

எழுந்து உட்கார்ந்துவிட்டாள். திரையைப் பார்த்தாள். படுக்கச் சொல்லியிருக்க வேண்டும். பெருமையில் பல்லைக் காட்டிக்கொண்டு நின்றேன்.

"அப்பா... இது நம்ம கம்ப்யூட்டருக்கு ஆயிருக்கு. போர்டுக்கு இல்ல."

எந்த போர்டு என்று அவள் சொல்லி வைத்திருந்ததெல்லாம் நான் அணைத்ததும் கம்ப்யூட்டருக்கு மறந்துபோயிருக்கிறது. கார் கவருக்கு என் நாற்காலியையே அளவெடுத்துத் தைத்திருக்கிறேன். மறுபடி குப்புறப் படுத்தாள். திட்டியிருக்கலாம்.

மார்ச் 10

மனைவி கம்ப்யூட்டர் சுவிட்சின் மேல் பிளாஸ்திரி ஒட்டிவிட்டாள். "கைய வெச்சீங்க, இருக்கு." முதலிலிருந்து செய்தோம். ஒவ்வொரு தடவையும் போர்டின் பெயரைச் சேர்த்தே தட்டினேன். சாயங்காலம் ஏற்றினோம். போர்டு பேச ஆரம்பித்தது — வரிவரியாகத் திரையில். ஒன்றும் புரியாமல் அத்தனையையும் படித்துக் காட்டினேன். அவள் தலையைத் தூக்கவே இல்லை. மெத்தையின் இந்தக் கோடியில் கால் விரல்கள் மட்டும் ஆடின.

மார்ச் 19, வியாழன்

விழித்திரை ஒட்டவில்லை. இனி அந்தக் கண்ணில் வெளிச்சம் மட்டும் தெரியும் என்கிறார் டாக்டர்.

மகளை வெளியே உட்கார வைத்துவிட்டுக் கேட்டேன். "அன்னிக்கு எந்திரிச்சு உக்காந்துட்டா டாக்டர்... அதனாலயா?"

"அந்தக் கொஞ்ச நேரத்துல ஒண்ணும் ஆகாதுங்க. சிலருக்கு ஒட்டறதில்ல."

என் முகத்தைப் பார்த்துவிட்டுத்தான் சொன்னார். அப்பாக்களுக்கென்று ஒரு பதில் வைத்திருப்பார்களோ? அவள் கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பார்?

ஏப்ரல் 6, திங்கள்

இன்றிலிருந்து ஆபீஸ் போகிறாள். கிளம்பும் முன் எனக்குத் தண்ணீர் ஊற்றினாள். ஒற்றைக் கண்ணுக்குத் தூரம் பிடிபடுவதில்லை. போன வாரமெல்லாம் மேஜைக்குத்தான் ஊற்றினாள். இன்று ஜாடியின் மூக்கை டம்ளர் விளிம்பில் முட்ட வைத்து, மெதுவாகச் சாய்த்தாள். ஒரு சொட்டு சிந்தவில்லை.

"பாத்தீங்களா?"

தாகம் இல்லை. முழுவதையும் குடித்தேன்.