மூன்றாம் நாள் என்ற வரி

பிப்ரவரி 4, 2025

ரயில் பங்காருபேட்டை தாண்டியும் உட்கார இடமில்லை. நின்றபடியே அந்தப் பத்தியை மறுபடி படித்தேன். முதல் நூற்றாண்டு யூத வரலாற்றாசிரியர் ஒருவர் இயேசுவைப் பற்றி எழுதியதாகக் கிடைத்திருக்கும் சில வரிகள். முழுக்க அவருடையவை என்கிறார்கள் சிலர். முழுக்க இடைச்செருகல் என்கிறார்கள் சிலர். பெரும்பாலோர் நடுவில்: ஞானி என்பதும், பிலாத்து சிலுவைத் தண்டனை தந்ததும் அவர் எழுதியிருக்கலாம், மெசியா என்பதும், மூன்றாம் நாள் உயிரோடு தோன்றியதும் பின்னால் படியெடுத்த கிறிஸ்தவர் யாரோ சேர்த்தவை.

என் ஆய்வேட்டில் நானும் நடுவில்தான். கோழைத்தனமா?

பிப்ரவரி 7

ஸ்கெலட்டனில், எங்கள் சுரங்கக் குடியிருப்பில், பக்கத்து வீட்டு மரியகுழந்தை ஆண்ட்டி கூப்பிட்டார். பதினாறாம் தேதி கணவரின் நினைவுப் பூசை. மகன் இவான் பெங்களூரிலிருந்து வருவான்; கோயிலுக்குள் மட்டும் வரமாட்டான். ஆறு வருடமாக.

"நான் சொன்னா கதைன்றான். அந்த யூதரு எழுதுனத தமிழ்ல எழுதிக் குடு பரத்து. அவரும் எங்காளு இல்ல, நீயும் இல்ல. அப்பவாச்சும் நம்புவான்."

சரி என்றேன். ஏன் சரி என்றேன்?

பிப்ரவரி 10

ஒரே தாள். பெரும்பாலோர் ஒப்புக்கொள்ளும் வரிகளை மட்டும் எழுதிக் கொடுத்தேன். கண்ணாடியைப் போட்டு இரண்டு முறை படித்தார்.

"மூணாம் நாளு எங்கப்பா?"

சொன்னேன்.

"யாரு சேத்தது? எங்காளா?"

"அப்படித்தான் நெனைக்கிறாங்க."

"இன்னாத்துக்கு?"

"ஆசையில இருக்கும் ஆண்ட்டி."

அவர் முகத்தை — பார்க்க முடியவில்லை. வேணும்னா அதையும் எழுதிடறேன், இவானுக்கு எங்க தெரியப்போவுது என்றேன். நானா சொன்னேன்? இத்தனை வருடம் படித்த நானா?

ஆண்ட்டி தாளை மடித்துக்கொண்டே பழையது ஒன்றைச் சொன்னார். அவர் கணவர் சுரங்கத்தில் இறங்குகிறவர்களின் பேர் எழுதியவர். ஒருநாள், வராத ஒருவனை, பிள்ளைகுட்டிக்காரன், கூலி போய்விடுமே என்று இரங்கி, ஆட்களை இறக்கும் கேஜில் இறங்கியதாக எழுதிவிட்டார். அன்றைக்குப் பாறை வெடித்தது. மேலே வந்தவர்களை எண்ணியபோது ஒரு ஆள் குறைந்தது. தேட இறங்கியவர்களில் ஒருவர் திரும்பவில்லை.

"வராதவன் ஊட்ல தூங்கினு இருந்தான்," என்றார். "எங்க ஊட்டுக்காரரு அதுக்கப்புறம் கோயில்ல நற்கருணை வாங்கவே போகல. வேணாம்பா. இருக்கறதே போதும்."

பிப்ரவரி 14

ஆய்வேட்டில் அந்த இயல் தேறிவிட்டது. 'நிதானமான முடிவு' என்று ஓரத்தில் எழுதியிருக்கிறார் நெறியாளர். மகிழ்ச்சி இல்லை.

பிப்ரவரி 15

இவான் வந்தான். தாளைப் படித்தான்.

"இவ்ளோதானா மச்சி? நல்ல ஆளு ஒருத்தன் இருந்தான், கொன்னுட்டாங்க. இதான் டெய்லி நியூஸ்லயே வருதே. இதுக்கு நான் இன்னாத்துக்குக் கோயிலுக்கு வரணும்?"

ஆண்ட்டி குழம்பைச் சூடு பண்ண எழுந்து போனார்.

பிப்ரவரி 16, ஞாயிறு

இவான் வரவில்லை. ஆண்ட்டி தனியாகக் கிளம்பியதைப் பார்த்து நான் கூடப் போனேன். கடைசி பெஞ்சு. தாங்கள் நம்புவதை வரிவரியாகச் சொல்லும் விசுவாச அறிக்கையை எல்லோரும் எழுந்து சொன்னார்கள். ஆண்ட்டியின் குரல் தனியாகக் கேட்கும் — முப்பது வருடம் பிள்ளைகளுக்கு அதைச் சொல்லிக்கொடுத்தவர். சிலுவை வரை கேட்டது. அடக்கம் வரை கேட்டது. மூன்றாம் நாள் என்ற வரியில் நின்றது.

நான் திரும்பிப் பார்க்கவில்லை. எல்லோரும் சொல்லி முடிக்கும்வரை அவர் குரல் மறுபடி கேட்கவில்லை.