கம்பி கட்டிய பல்

என்னங்க, நல்லாத் தூங்குறீங்க, எழுப்ப மனசு வரல. வேலைக்குக் கிளம்பிட்டேன்.

கஞ்சி மூடி வெச்சிருக்கேன். பாப்பாவை முன்பல்லால எதையும் கடிக்க விடாதீங்க, கம்பி கழண்டுடும்.

பாப்பா விழுந்த அன்னைக்கு டாக்டரம்மா ஐஸ் வெச்சுப் பார்த்தப்ப அந்தப் பல்லுல உணர்ச்சியே இல்ல. "வேர் முறிஞ்ச பல்லு, பிடுங்கித் தொலைங்க"ன்னு நேத்து நீங்க குதிச்சீங்க, பதிலுக்கு நானும் கத்திட்டேன். ஆனா, "வேர் இன்னும் வளர்ற வயசு, ஆடாம கட்டி வெச்சாப் பிழைச்சுக்கும்"னு டாக்டரம்மா சொன்னதுலேர்ந்து எனக்கு அதே யோசனை. அது எப்படிங்க, ஈறுக்குள்ள முறிஞ்சது தானா ஒட்டிக்கும்?

பி.கு.: செருப்பு மாட்டுறப்ப பாப்பா அழுதுக்கிட்டே ஓடி வந்தா. எனக்குத் தெரியாம ஐஸ்கட்டியைச் சப்பியிருக்கா. "அம்மா, அந்தப் பல்லு கூசுது!" கூசினா உயிர் இருக்குன்னுதானே டாக்டரம்மா சொன்னாங்க! நான் சிரிச்சுட்டேன், அவ கோவிச்சுக்கிட்டா. எழுந்ததும் அவளைச் சமாதானப்படுத்துங்க. அப்படியே என்னையும்.