டீ, பிஸ்கட், மயானப் பாதை

27 செப்டம்பர், வெள்ளி

காலையிலேயே புழுக்கம். ராஜகிரி மலை மேல் மட்டும் மேகம் கட்டி நின்றது. செஞ்சிக்குள் ஒரு தூறல்கூட இல்லை.

நான் ரத்தம் எடுக்கிற லேபில் கூட்டம். வெறும் வயிற்றோடு ரத்தம் கொடுக்கக் காத்திருப்பவர்களைப் போல அரசியல் பேச ஆள் கிடையாது. பசி, சர்க்கரை பயம், பஸ் போய்விடுமோ என்கிற எரிச்சல். எல்லாம் சேர்ந்து யாராவது ஒரு அமைச்சர் தலையில் விடியும். இன்று டி.வி.யில் யாரோ ஒரு அமைச்சர் அரசாங்கச் செலவில் குடும்பத்தோடு வெளிநாடு போய் வந்த செய்தி. எந்த மாநிலம் என்றுகூட நான் கவனிக்கவில்லை. ஆய்வுப் பயணமாம்.

"இன்னாத்த ஆய்வு பண்ணானாம்?" அனந்தபுரத்துப் பெரியவர், கையில் பஞ்சை அழுத்திக்கொண்டே.

"பொண்டாட்டிக்கு எந்த ஊரு புடிக்குதுன்னு பண்ணிருப்பான்." பக்கத்து நாற்காலி அம்மா.

எல்லோருக்கும் சிரிப்பு. கடைசியில் "எவன் வந்தாலும் இதான்" என்று முடித்தார்கள். எல்லா நாளும் இப்படித்தான் முடிகிறது. அதைச் சொல்லிவிட்டு நிம்மதியாக இட்லி சாப்பிடப் போய்விடுகிறார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. ஆனால் நானும் சிரித்தேன்.

ஐப்பசி வந்தால் என் அப்பா, நைனா, போய் ஒரு வருஷம். போன வருஷம் அதே வாரம் அடைமழை. எங்கள் தெருவுக்கான மயானம் ஓடைக்கு அந்தப் பக்கம். பாதை என்று எதுவும் இல்லை, வரப்பும் சேறும்தான். பெண்கள் தெருமுனையோடு நின்றுவிடுவது வழக்கம், அதனால் நான் பார்க்கவில்லை. என் வீட்டுக்காரர் குமார் திரும்பி வந்தபோது தொடை வரை சேறு. "நல்லபடியா ஆச்சு" என்றார். ஒரு மாதம் கழித்து வேறொருவர் வாயால் தெரிந்தது. ஓடையில் தூக்கிப்போனவருக்குக் கால் வழுக்கி, பாடை சாய்ந்து, நைனா சேற்றில் விழுந்திருக்கிறார். துடைத்துத் தூக்கிக்கொண்டு போயிருக்கிறார்கள்.

இன்னும் அது நெஞ்சில் நிற்கிறது. ரத்தம் எடுக்கும்போதுகூடச் சில நேரம்.

அக்டோபர் 2 ஊரில் கிராம சபை. இந்தத் தடவை எழுந்து கேட்பது என்று முடிவு. மழை பிடிப்பதற்குள் அந்தப் பாதைக்கு மண்ணாவது கொட்ட வேண்டும்.

29 செப்டம்பர், ஞாயிறு

வெயில். துணி நிறைய. மல்லாட்டை (வேர்க்கடலை) எண்ணெய் தீர்ந்தது. அம்மாவுக்கு மூட்டுவலித் தைலம். கேஸ் புக் பண்ணணும்.

கிராம சபையில் கேட்கப் போவதைக் குமாரிடம் சொன்னேன். வண்டியைத் துடைத்துக்கொண்டிருந்தார். கையை நிறுத்தவில்லை.

"நீ கேட்டா மட்டும் தலைவரு போட்டுடுவாரா?"

"கேக்காம இருந்தா போட்டுடுவாரா?"

"என் வாடகைய நெனச்சு பாத்தியா?"

அதுதான் விஷயம். கு. ஓட்டுவது குட்டியானை, சின்ன லோடு வண்டி. ஊராட்சி வேலைக்கு ஜல்லி, சிமென்ட் எல்லாம் தலைவர் இவர் வண்டிக்குத்தான் சொல்கிறார். மாதத்தில் பாதி ஓட்டம் அது. வண்டிக்குத் தவணை இருக்கிறது. மகளுக்கு நர்சிங் காலேஜ் ஃபீஸ்.

பிறகு இரண்டு பேரும் டி.வி. பார்த்தோம். அதிலும் அதே ஆய்வுப் பயணக்காரர், கூலிங் கிளாஸ் போட்டு.

30 செப்டம்பர், திங்கள்

மூட்டம். 7.10 பஸ் வரவில்லை. ஷேர் ஆட்டோ.

லேப் திறந்ததும் தலைவரே வந்து உட்கார்ந்திருந்தார். எங்கள் ஊராட்சித் தலைவர். ஃபாஸ்டிங் சுகர். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, வாசலில் கார்.

எங்கள் தெருவிலேயே பிறந்த மனிதர். நைனா அவரைத் தம்பி என்பார், அதனால் எனக்குச் சித்தப்பா. தலைவர் பதவி எங்கள் மக்களுக்கென்று ஒதுக்கப்பட்டு அவர் ஜெயித்தபோது எங்கள் தெருவில் விடிய விடிய வெடி. நானும் ஓட்டுப் போட்டேன். தலைவரானதும் எல்லோருக்கும் தலைவர் ஆகிவிட்டார். எனக்கும்தான்.

ஊசியைப் பார்த்ததும் முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டார். ஊரையே அதட்டுகிற ஆள்.

"வலிக்காம எடு பாப்பா."

எடுத்து முடித்துப் பஞ்சை வைத்தேன். சரி, இப்போதே கேட்டுவிடலாம் என்று தோன்றியது. "தலைவரே, மயானத்துக்குப் போற வழி ஒன்னு..."

"போட்டுடலாம்மா. மனசுல இருக்குது." எழுந்து சட்டைக் கையை இறக்கிவிட்டார். "ரிசல்ட் வந்தா எனக்கு மட்டும் சொல்லு. ஊர்ல யாருக்கும் தெரிய வேணாம். தலைவருக்கு சுகர்னு தெரிஞ்சா அடுத்தவாட்டி எவனாவது எதுத்து நிக்க கெளம்பிடுவான்."

ரிசல்ட் மோசம். ரொம்ப மோசம். அவருக்கு மட்டும் போனில் சொன்னேன். டாக்டரைப் பார்க்கச் சொன்னேன். இனிப்பு அறவே கூடாது என்றேன். "சரிம்மா சரிம்மா" என்றார்.

வீட்டில் கு.விடம்கூட மூச்சு விடவில்லை. அது என் வேலை.

2 அக்டோபர், புதன்

லீவு. அமாவாசை. ஊரில் பாதிப் பேர் மேல்மலையனூர். பஸ்ஸில் நிற்க இடம் இல்லையாம். அம்மாவையும் போக விடாமல் கிராம சபைக்கு இழுத்துக்கொண்டு போனேன். "அங்காளம்மா கோச்சுக்குவா" என்று வழியெல்லாம் முணுமுணுப்பு.

பள்ளிக்கூடத்து மரத்தடி. பேனர், நாற்காலி. மெம்பர்கள் முன்வரிசை. நூறு நாள் வேலைப் பெண்கள் தரையில் தார்ப்பாய் மேல். ஊராட்சி செயலர் கணக்கு வாசித்தார். ஐயர் மந்திரம் சொல்கிற வேகம். சிமென்ட் சாலை, இத்தனை லட்சம். யாரும் அசையவில்லை. மோட்டார் பழுது, குழாய் பழுது, தெருவிளக்கு. ஒருத்தி குழந்தைக்குப் பேன் பார்த்துக்கொண்டிருந்தாள். எங்கள் தெருவில் எரியாத விளக்குக்கெல்லாம் பணம் போயிருக்கிறது. அதற்கும் யாரும் அசையவில்லை.

அப்புறம் அது வந்தது. "மயானப் பாதை மண் கொட்டி மேடாக்கிய வகையில்..."

கொட்டியாகிவிட்டதா? எப்போது? எழுந்து நின்றேன். "தலைவரே, மயானப் பாதை..." என்று ஆரம்பித்துவிட்டேன். அவர் என்னைப் பார்த்தார். செயலர் நிறுத்தாமல் அடுத்த வரிக்குப் போய்விட்டார். "கிராம சபைக் கூட்டங்களுக்குத் தேநீர், பிஸ்கட் வாங்கிய வகையில்..."

"எந்த பிஸ்கட்டு?"

எதிர்வீட்டுப் பச்சையம்மா. தார்ப்பாயிலிருந்து எழுந்தே விட்டாள்.

"எந்த பிஸ்கட்டுனு கேக்குறேன். எந்தக் கூட்டத்துல யாருக்கு குடுத்தீங்க? நான் எல்லாக் கூட்டத்துக்கும் வந்துக்கிறேன். பச்சத்தண்ணி குடுத்தீங்களா?"

அவ்வளவுதான். தார்ப்பாய் முழுக்க எழுந்துவிட்டது. வயசானவர்கள், கைக்குழந்தைக்காரிகள், எப்போதும் வாயே திறக்காதவர்கள். லட்சத்துக்கு அசையாத ஊர் பிஸ்கட்டுக்கு அசைந்தது. லட்சத்தை யார் பார்த்தது? பிஸ்கட்டை எல்லோருக்கும் தெரியும்.

"அம்மாம் டீயும் நீயே குடிச்சியா தலைவரே?"

"எனக்கு டீயே ஆவாதும்மா" என்று சொல்லிவிட்டு ஓரக்கண்ணால் என்னைப் பார்த்தார்.

நான் நின்றுகொண்டே இருந்தேன். பாதையைக் கேட்கத்தான் நிற்கிறேன் என்று அவருக்குத் தெரியும். ஆனாலும் பேச்சு பிஸ்கட் பக்கம் திரும்பியபோது அவர் முகத்தில் ஒரு நிம்மதி. அதை நான் பார்த்தேன். சண்டைக்காரர்களைக் கும்பிட்டார், சிரித்தார், "தப்பு நடந்து போச்சு, இப்பவே வாங்கியாரச் சொல்றேன்" என்றார். கேனில் டீ வந்தது. அட்டைப்பெட்டியில் பிஸ்கட். எல்லோருக்கும். ஒரு பேச்சு வரக்கூடாது என்று அவரும் எல்லோர் முன்னாலும் ஒரு கப் எடுத்துக் குடித்தார். சர்க்கரை போட்ட டீ. மூன்று பிஸ்கட். எனக்கு மட்டும் பகீர் என்றது.

கூட்டம் முடிந்தது. என் கையிலும் ஒரு கப் இருந்தது. எப்படி வந்தது என்று தெரியவில்லை. குடித்திருக்கிறேன்.

3 அக்டோபர், வியாழன்

வெயில். தலைவலி.

பஸ் ஸ்டாப்பில் பச்சையம்மா. "வாங்கிட்டோம் பாத்தியா?" என்கிறாள். புடவைத் தலைப்பில் நாலு பிஸ்கட் முடிந்து மாமனாருக்கு எடுத்துப் போனாளாம். டீயில் நனைத்துத் தின்றாராம் கிழவர்.

"பாதைக்கு நான் எழுந்து நின்னேனே, பாத்தியா?"

"பாத்தேன். நீ வாய்க்குள்ள பேசுன. சத்தமா பேசணும்டி."

கோபம் வந்தது. அவள் மேல்தான் முதலில். பஸ் செஞ்சி போய்ச் சேருவதற்குள் என் மேல் திரும்பிவிட்டது. அவளுக்குத் தெரிந்த கணக்கை அவள் கேட்டாள். எனக்குத் தெரிந்த கணக்கை நான் கேட்கவில்லை.

லேபில் அதே அனந்தபுரத்துப் பெரியவர். எவன் வந்தாலும் இதான். நான் சிரிக்கவில்லை.

கு.வுக்கு இன்று நல்ல மூடு. நாளைக்கு ஜல்லி ஓட்டமாம்.

6 அக்டோபர், ஞாயிறு

விடியற்காலையிலிருந்து மழை. புரட்டாசியில் இப்படி ஒரு மழை.

பச்சையம்மா மாமனார் போய்விட்டார். தூக்கத்திலேயே. அந்த பிஸ்கட்தான் அவர் கடைசியாக ஆசையாகத் தின்றது என்று சொல்லிச் சொல்லி அழுகிறாள்.

மதியம் மழை விட்டது. மேளம் வந்தது. பாடை தூக்கப் போகிற நேரத்தில் தலைவர் கார். பெரிய ரோஜா மாலை. இந்த மாலை எந்தக் கணக்கில் வருமோ என்று என் புத்தி போயிற்று. சாவு வீட்டில் அப்படி நினைத்திருக்கக் கூடாது. நினைத்தேன்.

மாலை போட்டார், பச்சையம்மா புருஷன் கையைப் பிடித்தார், காரைப் பார்த்துத் திரும்பினார். எப்போதும் அவ்வளவுதான். நைனாவுக்கும் அவ்வளவுதான்.

நான் யோசிக்கவே இல்லை. தானாக வந்தது.

"சித்தப்பா, ஒரு தோள் குடுத்துட்டு போங்க."

சத்தமாகத்தான் சொல்லியிருக்கிறேன். மேளக்காரர்கூட நிறுத்திவிட்டார். எத்தனையோ வருஷம் கழித்து அவரைச் சித்தப்பா என்கிறேன். எல்லோரும் அவரைப் பார்த்தார்கள். சாவு வீட்டில் தோள் கேட்டால் மாட்டேன் என்று யார் சொல்ல முடியும்? வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பாடைக்கு அடியில் தோளைக் கொடுத்தார். அவசரத்தில் செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

தெருமுனையோடு நாங்கள் நின்றுவிட்டோம்.

அவர்கள் திரும்ப இரண்டு மணி நேரம் ஆயிற்று. தலைவரின் வெள்ளை வேட்டி இடுப்பு வரை களிமண். ஒரு காலில்தான் செருப்பு. யாரிடமும் பேசாமல் காரில் ஏறினார்.

கு. கிணற்றடியில் காலைக் கழுவிக்கொண்டே சொன்னது, அப்படியே எழுதி வைக்கிறேன்:

"ஓடைகிட்ட போனதும் நின்னுட்டோம். தோள் மேல பொணம். யாரும் நவுரல. தலைவர்தான் கேட்டாரு, இன்னாப்பா நிக்கிறீங்கன்னு. நீங்க போட்ட பாத எதுன்னு சொல்லுங்க தலைவரே, அதும்மேலயே போயிடறோம்னு கேட்டோம். நாங்க எறங்கல. அப்புறம் அவரே மொதல்ல தண்ணில காலு வச்சாரு."

"கேட்டோம்னா, யாரு கேட்டது?"

சோப்பு எங்கே என்று தேடினார். பக்கத்தில்தான் இருந்தது.

"நான்தான்."

9 அக்டோபர், புதன்

வெயிலும் மூட்டமும் மாறி மாறி. கு.வுக்கு மூன்று நாளாகத் தலைவரிடமிருந்து போன் இல்லை. ஜல்லி ஓட்டம் வேறு வண்டிக்குப் போகிறது. இவர் நேற்று செஞ்சி மார்க்கெட்டில் வெங்காய லோடுக்கு நின்றிருக்கிறார். காலண்டரில் தவணைத் தேதியை எண்ணிப் பார்த்தேன். கு. கேட்டதற்காக எனக்கு வருத்தம் இல்லை. கலக்கம் மட்டும் இருக்கிறது.

பச்சையம்மா வந்தாள். அடுத்த கிராம சபை நவம்பர் ஒன்று. "டீ வந்தா வாங்காதடி. பாதையக் கேட்டுட்டு அப்புறம் குடிக்கலாம்" என்கிறாள். மூக்கை உறிஞ்சிக்கொண்டே. கணக்கு வாசிக்கும்போது அவள் சத்தம் போடுவாளாம், நான் விவரம் சொல்ல வேண்டுமாம்.

விவரம் சொல்ல நான் பார்த்திருக்க வேண்டுமே. இத்தனை நாள் கேட்டுக் கேட்டுப் பேசிய பாதையை நான் ஒருமுறைகூடப் பார்த்ததில்லை.

சாயங்காலம் போனேன். தெருமுனையைத் தாண்டும்போது அம்மா பின்னாலிருந்து கூப்பிட்டாள். திரும்பவில்லை. ரோட்டிலிருந்து பார்த்தால் தெரிகிற தூரத்துக்கு மட்டும் ஒரு டிராக்டர் லோடு மண். அதற்கப்புறம் சேறு. ஓடையில் முழங்கால் தண்ணீர். இங்கேதான் நைனா விழுந்திருக்க வேண்டும். கொஞ்ச நேரம் அழுதேன்.

கரையில் சேற்றில் புதைந்து ஒற்றைச் செருப்பு. தோல் செருப்பு, புதுசு. எடுக்கவில்லை. நவம்பர் ஒன்று வரை அங்கேயே இருக்கட்டும்.