அல்லாஹ்வுடைய கரை

உச்சமுனை,
06.05.2025

அன்புத் தம்பி அர்கமுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். போனில் சொன்னால் பாதியில் அழுதுவிடுவேன், அதனால் எழுதுகிறேன். நேற்று மீன் காயவைக்கப் போன எங்களை ஒரு காவலாளி மறித்தான். "இது கம்பனிக் காணி, போங்க" என்றான். கரை முழுக்கக் கம்பி வேலி! தோணி ஏற்றுகிற இடமும் உள்ளே போய்விட்டது.

அரசாங்கக் காணியை ஹோட்டல்காரருக்குக் கொடுத்துவிட்டார்களாம். யாரும் பாவிக்காத நிலமாம். உன்னை இடுப்பில் வைத்துக்கொண்டு உம்மா மீன் உலர்த்திய மணலடா அது. உன் மச்சான் கடலுக்குப் போகாமல் வீட்டில் குந்திக்கொண்டிருக்கிறார். நீ கொழும்பில் அரசாங்கக் காணி அலுவலகத்தில் வேலை பார்க்கிறவன்தானே, ஒரு வழி சொல்லு. போன பெருநாளுக்கும் நீ வரவில்லை. அந்தக் கோபம் தனியாக இருக்கிறது.

உன் ராத்தா,
ஸும்றா

கொழும்பு,
14.05.2025

அன்புள்ள ராத்தாவுக்கு,

வஅலைக்குமுஸ்ஸலாம். யோசிக்காதீங்க. எல்லாம் சட்டப்படிதான் நடந்திருக்கிறது. போன வருடம் அதிகாரிகள் வந்து, "இந்தக் கரை யாருடையது?" என்று வீடு வீடாகக் கேட்டார்கள்தானே? ஒருவரும் உரிமை சொல்லவில்லை. விளங்காமல் போனது என்றும் சொல்ல முடியாது. அந்தக் கேள்வியை நம் ஊர்த் தமிழில் அவர்களுக்கு எழுதிக் கொடுத்ததே நான்தான். ஹோட்டல் வந்தால் வேலை வரும். உங்களுக்கு ஒரு குறையும் வராது, காவலாளியிடம் சொல்லி வைத்திருக்கிறேன்.

அன்புடன்,
அர்கம்

உச்சமுனை,
20.05.2025

அர்கமுக்கு,

உன் கடிதத்தை வாசித்தேன். நீயா?

கரையை என்னுடையது என்று எங்கள் ஊரில் எவரும் வாய்திறந்து சொல்வதில்லை. சொன்னால் அடுத்தவன் தோணியை எங்கே ஏற்றுவான்? "அல்லாஹ்வுடைய கரை" என்றுதான் நானும் அந்த அதிகாரியிடம் சொன்னேன். சின்ன வயதில் நீ மணலில் கோடு கீறி, "இது எங்கட இடம்" என்று சொன்னாய். வாப்பா உன்னை அடித்த ஒரே அடி அதற்குத்தான். மறந்துவிட்டாயா? இல்லை, நினைவிருந்ததால்தான் அப்படி எழுதிக் கொடுத்தாய். யார் பாவிக்கிறீர்கள் என்று கேட்டிருந்தால் ஊரே கை தூக்கியிருக்கும்.

இன்று காலை மீன் கூடையோடு போனோம். காவலாளி என்னை மட்டும் கூப்பிட்டான்.

"அர்கம் சேர்ட ராத்தா நீங்கதானாமே? உங்கள மட்டும் உள்ளுக்கு விடச் சொன்னார்."

மற்றப் பெண்கள் என் முகத்தைப் பார்த்தார்கள்.

"அவர் எங்கட ஆள் இல்ல" என்று சொல்லிவிட்டு, அவர்களோடு வேலிக்கு வெளியிலேயே நின்றேன்.

ஸும்றா