சோப்பு டப்பாவில் ஒரு காது

மெட்ராஸ்
20.5.1984

அன்புள்ள அம்மாவுக்கு, சுராயாவின் ஸலாம்.

இறால் பெட்டி இறக்க இங்கே வந்த முகைதீன் அண்ணனிடம் ஒரு சோப்பு டப்பா கொடுத்து அனுப்பியிருக்கிறேன். உள்ளே இருப்பது சோப்பு இல்லை, உங்களுக்காக நான் செய்த காதுக் கருவி. பாலிடெக்னிக் கண்காட்சியில் முதல் பரிசு இதற்குத்தான். போன வருடம் தொட்டி நிரம்பினால் மணியடிக்கிற பொறி செய்தேனே, அதை விடுதிச் சமையற்காரம்மாவைத் தவிர யாரும் சீண்டவில்லை.

ஒயரைக் காதில் செருகி, திருகை மெதுவாகத் திருப்புங்கள். பெருநாளைக்கு வந்து உங்களோடு பேசுகிறேன்.

உங்கள் மகள்,
சுராயா

பழவேற்காடு
2.6.1984

கண்ணான மகள் சுராயாவுக்கு அம்மா துஆ செய்து எழுதுவது.

உங்க அண்ணன் எதிர்லே நான் மாட்டினப்போ கொர்ருனு இரைச்சல்தான். இது வேலைக்கு ஆகாதுனு கையை விரிச்சிட்டுப் போயிட்டான். மறுநாள் திருகைக் குறைச்சேன். காக்கா கத்துச்சு. பாங்கு கேட்டுச்சு. என் குரலே யாரோ கிழவி குரலாட்டம் இருந்துச்சு.

நீ பேச ஆரம்பிக்கிறதுக்கு முந்தியே காய்ச்சல்லே என் காது போச்சு. நீ எப்படிப் பேசுவேனு எனக்குத் தெரியாதும்மா. சீக்கிரம் வா. டப்பாவை முக்காட்டுக்குள்ளே வெச்சிருக்கேன். நீ வந்தப்புறம் எல்லார்கிட்டேயும் சொல்லிக்கலாம்.

கைருன் பீவி

மெட்ராஸ்
14.6.1984

அன்புள்ள அம்மாவுக்கு,

உங்கள் கடிதத்தை வகுப்பிலேயே படித்து அழுதுவிட்டேன். கருவியை டெல்லியில் நடக்கும் மாணவர் கண்காட்சிக்குத் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள். அங்கே காட்ட இன்னொன்று செய்துகொண்டிருக்கிறேன். படிப்பு முடிந்ததும் வந்து பார்க்கும்படி பெங்களூர் கம்பெனிக்காரர் ஒருவர் சொன்னார். இதையெல்லாம் சொல்ல இங்கே ஆள் இல்லை. அறைத் தோழி எலிசபெத்தும் ஊருக்குப் போய்விட்டாள்.

பெருநாளுக்கு முதல் நாள் பொன்னேரியில் இறங்கி பஸ் பிடித்து வருகிறேன்.

சுராயா

பழவேற்காடு
20.6.1984

சுராயா, பெருநாளைக்கு வராதே.

நான் மீன் ஆய்ஞ்சிட்டிருந்தேன். அண்ணன் என் முதுகுக்குப் பின்னாலேயே நின்னு அண்ணிகிட்டே பேசறான். "சுராயா வந்தா திரும்பப் படிக்க அனுப்பப் போறதில்லே. ஷுக்கூர் வீட்டுக்கு வார்த்தை குடுத்துட்டேன். பெருநாள் கழிச்சு நிக்காஹ்." அம்மாகிட்டே இன்னா சொல்றதுனு அண்ணி கேட்டா. அன்னிக்கு ஜாடை காட்டிச் சொல்லிக்கலாம்னான்.

நான் திரும்பலே. மீனை ஆய்ஞ்சிட்டே இருந்தேன்.

அவன் கெட்டவன் இல்லே, ஊர் வாய்க்குப் பயந்தவன். ஆனா நீ டெல்லிக்குப் போ. உன் குரலைக் கேட்கணும்கிற ஆசையிலே இதை எழுதி எழுதிக் கிழிச்சேன். கடைசியிலே அனுப்புறேன்.

அம்மா

டெல்லி
9.7.1984

அன்புள்ள அம்மாவுக்கு,

பெருநாளன்று மெட்ராஸ் விடுதியில் நான் மட்டும்தான் இருந்தேன். புதுத்துணி உடுத்திக்கொண்டு அறையிலேயே உட்கார்ந்திருந்தேன்.

இங்கே இரண்டாம் பரிசு கிடைத்தது. யாருக்காகச் செய்தாய் என்று மேடையில் கேட்டார்கள். என் அம்மாவுக்கு என்றேன். அம்மா கேட்டுவிட்டு என்ன சொன்னார் என்றார்கள். காக்கா கத்தியது கேட்டதாம் என்று மட்டும் சொன்னேன்.

அண்ணன் உங்களை ஏதாவது சொன்னாரா?

சுராயா

பழவேற்காடு
20.7.1984

என் மகள் சுராயாவுக்கு,

நீ வரலேன்னதும், உனக்கு யார் சொன்னதுனு அண்ணன் வீட்டையே புரட்டிட்டான். அண்ணி மேலே சந்தேகப்பட்டுக் கத்தினான். அவ அழறதைப் பார்க்கப் பொறுக்கலே. முக்காட்டை விலக்கி டப்பாவைக் காட்டினேன்.

"எல்லாம் கேட்டியா?"ன்னான்.

"கேட்டேன்"னேன்.

அதுக்கப்புறம் நிக்காஹ் பேச்சே இல்லே. நீ படி. என்னையும் அவன் ஒண்ணும் சொல்லலே. எது பேசறதுனாலும் தெருவுக்குப் போய்ப் பேசறான். அண்ணி பிள்ளைங்களைக்கூடக் கையாட்டித்தான் கூப்பிடறா. நான் உள்ளே போனா எல்லாரும் பேச்சை நிறுத்திடறாங்க.

கருவியிலே கோளாறு ஒண்ணும் இல்லே. அதை நினைச்சு நீ கவலைப்படாதே.

அம்மா